விழுங்கியும் தடவியும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காரில் சின்னவள் வாயைத் திறந்தாள்.

வீட்டு வாசலிலிருந்து லேப் வாசல்வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்வருவதில் நாங்கள் இரண்டு பேரும் கைதேர்ந்தவர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான் லேப் வளாகத்துக்குள் விடுவார்கள் என்ற விதி மட்டும் இல்லையென்றால், என் கொழுந்தன் பெண்டாட்டியோடு ஒரே தெருவில்கூட நடந்திருக்க மாட்டேன். உலகத்தில் எத்தனையோ ஓரகத்திகள் சண்டை போடுகிறார்கள். ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயும் குடியிருந்து, ஒரே லேப்பில் ஒரே விஷயத்தில் ஆராய்ச்சியும் செய்து சண்டை போடும் பாக்கியம் எங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

"அக்கா, என் டிடெக்டர் வேலை செஞ்சிடுச்சு."

"எது?" என்றேன், தெரியாதவள்போல.

"ஒரே ஒரு ஃபோட்டான். முதல்ல என் டிடெக்டர் அதைப் பாத்துச்சு. அப்புறம் அதே ஃபோட்டான் போய் உங்க டிடெக்டர்ல விழுந்துச்சு. நான் பாத்தும் சாகல."

"நீ பாத்தும் சாகலையா? கெட்டி ஆயுசுதான்."

சிக்னலில் பச்சை விழுந்தும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். எனக்கு அது கைதட்டல்.

வயதாகிறது. பிறகு எடுத்துப் படித்தால் எதற்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று எனக்கே மறந்துபோயிருக்கும். எழுதி வைக்கிறேன்.

மீந்ததைச் சூடாக்க எல்லார் சமையலறையிலும் ஒரு மைக்ரோவேவ் பெட்டி இருக்கிறதே, அதற்குள் கணக்கில்லாத ஃபோட்டான்கள், அலையின் பொடித் துகள்கள், ஓடுகின்றன. அந்த ஜாதியில் ஒன்றே ஒன்று தனியாக வந்தால், வந்துவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் ஃபோட்டான் யானை என்றால் இது கொசு விடும் கொட்டாவி. சும்மா கிடக்கும் செம்புக் கம்பியின் சூடே அதை மூழ்கடித்துவிடும். அதனால்தான் ஃபிரிட்ஜ். ஆளுயரத்துக்கு, தங்க முலாம் பூசிய தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கும் ராட்சச ஃபிரிட்ஜ். அதன் அடித்தட்டு விண்வெளியைவிடக் குளிர். லேப்பில் அது ஒன்றுதான் இருக்கிறது. ஒரே குளியலறை, இரண்டு மருமகள்.

என் டிடெக்டருக்கு விழுங்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஃபோட்டான் வரும், விழும், சாகும். சாகும்போது ஒரு சொடுக்கு கேட்கும். நான் எண்ணிக்கொள்வேன். பத்து வந்தால் எட்டைப் பிடித்துவிடும். என் தலைமுடி தானாகவே கறுப்பாக இருந்த காலத்தில் ஆரம்பித்த வேலை.

அவளுடைய டிடெக்டருக்கும் நான்தான் பெயர் வைத்தேன்: தடவி. அதற்குள் ஒரு குட்டி சர்க்யூட் காவல்காரன்மாதிரி நிற்கும். ஃபோட்டான் வந்து அவனை உரசிவிட்டுப் போகும். உரசியதுமே அவன் பாதிச் சுற்று திரும்பிவிடுவான். பிறகு கேட்டால் "ஆமாம், ஒன்று வந்தது" என்பான். ஃபோட்டானோ காயமில்லாமல் தன் வழியே போய்க்கொண்டிருக்கும். இது அவள் சொல்லும் கதை.

உயிரோடுதான் போனது என்பதற்கு என்ன சாட்சி? வழியின் கடைசியில் இன்னொரு டிடெக்டரை வைத்து அதைப் பிடித்துக் காட்ட வேண்டும். வைத்திருக்கிறாள். என் விழுங்கியை! என் பிள்ளையை அவள் வாசலில் காவலுக்குக் கட்டிப்போட்ட கணக்கு.

இந்த மாதத்துக்குள் ஃபிரிட்ஜை அடுத்த இரண்டு வருஷத்துக்கு யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கிறார்கள். இவளுடைய முடிவு நின்றால் இவளுக்கு. விழுந்தால் எனக்கு. தோற்றவர் எதிர்க்கட்டடத்துக்குப் போய் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வெப்பம் என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதுதான்.

மார்ச் 4, புதன்

எங்கள் லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முடிவும் வெளியே போவதற்கு முன் உள்ளுக்குள்ளேயே ஓர் எதிராளியை நியமிப்பார்கள். அந்த முடிவை உடைப்பது அவர் வேலை. அவர் கேட்கும் சோதனையை மறுபேச்சில்லாமல் செய்து காட்டியாக வேண்டும்.

இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் தலையாட்டி. யார் என்ன சொன்னாலும் தலை ஆடும். ஆடும்போது மேலே இருக்கும் விக் மட்டும் ஒரு நொடி தாமதமாக ஆடும். அவர் இன்று என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு எதிராளி நீங்கதாம்மா" என்றார்.

"சார், ஃபிரிட்ஜுக்குப் போட்டி போடறவளே நான்தான்."

"தெரியும். விழுங்கியைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? தவிர ரெண்டு பேரும் ஒரே வீடு. பேசி முடிச்சுக்க வசதி."

ஒரே வீடு, பேசி முடிப்பது! இந்த மனிதருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது இப்படித்தான் அடிக்கடி தெரியவரும்.

சின்னவளையும் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்கு ஆட்சேபணை இல்ல சார். அக்கா கண்ணுக்குத் தப்பினது எங்க வீட்டுலயே எதுவும் கிடையாது" என்றாள்.

கேட்டுக்கொண்டு சும்மா வந்தேன். உள்ளே ஒரே குதூகலம். உடைக்கச் சொல்லிக் கையில் சுத்தியலையும் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 6, வெள்ளி

மூன்று நாளாக அவள் நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மூச்சு அவள் கழுத்தில் படுகிறது. வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகவே விடுகிறேன்.

கேபிள்களைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், காட்டினாள். ஃபோட்டான் துப்பும் சிப்பை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். தடவி வாயை மூடிக்கொண்டது, விழுங்கியும் மூடிக்கொண்டது. மறுபடி துப்பவிட்டாள். தடவி "ஆமாம்" என்னும்போதெல்லாம் விழுங்கியும் "ஆமாம்" என்றது. பாவி, அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறாள். சமையல்கட்டை ஒருநாள் இப்படி வைத்திருந்தால் மாமியார் ஊரைக் கூட்டியிருப்பார்.

மார்ச் 8, ஞாயிறு

மாமியார் கீழிருந்து மேலே வந்து மூச்சு வாங்கினார். முழங்கால் வலி உள்ளவர் மாடி ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"பெரியவளே, சின்னவ என்னமோ கண்டுபிடிச்சிருக்காளாம். நீ அதை உடைக்கப் போறியாமே?"

"உடைக்கல அத்தை. உடையுதான்னு பாக்கறேன்."

"தட்டிப் பாத்தா உடையத்தான் செய்யும். எங்க வீட்டுக் கண்ணாடி ஜாடி ஞாபகம் இருக்கில்ல?"

ஜாடியை உடைத்தது நான் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும். அது இப்போது கீழே குடியிருக்கிறது.

அவர், அதாவது என் கணவர், பேப்பரை விட்டுத் தலை தூக்கவே இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார்கள். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுப்பார்கள். வீட்டில் நடப்பது மட்டும் இருவர் கண்ணிலும் படாது.

மார்ச் 10, செவ்வாய்

ஓட்டை கிடைக்கவில்லை. பசி போனதுதான் மிச்சம். எடை மட்டும் குறையவில்லை.

மார்ச் 12, வியாழன்

கிடைத்துவிட்டது. லேப்பில் இல்லை, மாடிப்படியில்.

சாயங்காலம் துணி எடுக்க இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே மாமியார் கேட்டார்: "பின்கதவைப் பூட்டியாச்சாடா?" கொழுந்தன் அவன் அறையிலிருந்து கத்தினான்: "பூட்டியாச்சும்மா!" அடுத்த நொடியே மாடியில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் கத்தினார்: "பூட்டியாச்சும்மா!"

நான் திரும்பி மேலே ஏறினேன். "நீங்க பாத்தீங்களா?"

"எதை?"

"பின்கதவை."

"தம்பி சொன்னானே."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நெஞ்சுவலியோ என்று அவருக்குப் பயம். "தண்ணி கொண்டுவரட்டுமா?" என்றார். அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கல்யாணமான நாளாக இவர் என் ஆராய்ச்சிக்குச் செய்த முதல் உதவி.

விஷயம் இதுதான். தடவியின் காவல்காரனிடம் "வந்ததா?" என்று கேட்பதற்கே இன்னொரு சின்ன அலையை அனுப்ப வேண்டும். அவன் "ஆமாம்" என்றால் அந்த அலை பலமாகத் திரும்பும். அதன் வால் அதே பாதையில் ஓடி விழுங்கியின் காதிலும் விழுமில்லையா? விழுங்கி பார்த்தது ஃபோட்டானையா, தம்பி போட்ட சத்தத்தையா?

பின்கதவு, பிறகு போய்ப் பார்த்தேன், திறந்துதான் கிடந்தது.

மார்ச் 13, வெள்ளி

"ஃபோட்டான் துப்பறதை நிறுத்து" என்றேன்.

"அதான் அன்னிக்கே நிறுத்திக் காட்டினேனே."

"நிறுத்து. இப்ப உன் காவல்காரனை நீயே திருப்பி விடு. ஒண்ணுமே வராம 'ஆமாம்'னு பொய் சொல்ல வை. சொல்லட்டும். என் விழுங்கி என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னாலிருந்து எனக்குக் கழுத்து மட்டும்தான் தெரியும், கழுத்திலேயே தெரிந்தது. கை மட்டும் நிற்காமல் தட்டச்சு செய்தது. அதற்கு ஒரு மரியாதை மனதுக்குள் வந்தது, வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

விழுங்கி "ஆமாம்" என்றது. "ஆமாம்", "ஆமாம்", நடுவில் ஒரு "இல்லை", மறுபடி "ஆமாம்". வராத ஃபோட்டானை வந்ததாக என் பிள்ளை பாதிக்குப் பாதி சத்தியம் செய்தது.

"அக்கா..."

"எதுவா இருந்தாலும் திங்கக்கிழமை கூட்டத்துல சொல்லு."

வரும்போது காரில் நான் பாட்டு முணுமுணுத்தேன். எனக்குச் சுருதி சேராது என்பது இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். பாதை முழுக்க முணுமுணுத்தேன்.

மார்ச் 16, திங்கள்

ஜெயித்துவிட்டேன்.

கூட்டத்தில் மாமியாரையும் பின்கதவையும் கதையாகவே சொன்னேன், பேர் போடாமல். அறை முழுக்கச் சிரித்தது. சின்னவள் மட்டும் யார் அந்தத் தம்பி என்று தெரிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தன் புருஷனை வைத்தே தன்னை அடித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? எனக்குத்தான் வந்தது, தாராளமாக.

அவளும் சும்மா விடவில்லை. எழுந்து, "அப்போ உங்க டிடெக்டருக்கு ஃபோட்டானுக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். விசுவாசம் கெட்ட கூட்டம்.

"என் டிடெக்டரை யார் உன் குழாய்ல மாட்டச் சொன்னது? குடிதண்ணிக் குழாயில சாக்கடையை விட்டுட்டு டம்ளரைக் குத்தம் சொல்லாதே."

தலையாட்டி தலையாட்டினார். முடிவு: ஃபோட்டான் பிழைத்தது நிரூபணம் ஆகவில்லை. ஃபிரிட்ஜ் எனக்கு. வருகிற திங்கட்கிழமை சூடாக்கித் திறந்து அவளுடைய சிப்பைக் கழற்றிவிட்டு என்னுடையதை மாட்டலாம். அதற்குள் எதிராளியாக என் கடைசி அறிக்கையையும் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

அவள் பஸ்ஸில் போனாள். காரை நானே ஓட்டினேன். பின்னால் எடுக்கும்போது தூணில் ஒரு உரசல். ஒருவரும் பார்க்கவில்லை.

மார்ச் 18, புதன்

போர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வாஷிங் மெஷினில் நான் போட்ட துணியைப் பாதி அலசலில் எடுத்துச் சொட்டச் சொட்டக் கூடையில் வைத்திருந்தார்கள். கொழுந்தன் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறான். மாமியார் யாரிடமோ போனில்: "பெரியவளுக்கு ஜெயிக்கணும். எப்பவும் ஜெயிக்கணும். ஆடறதுக்கு ஆள் இல்லாட்டி தாயக்கட்டையோடவே சண்டை போடுவா." எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார். கேட்டது.

ஈரத் துணியை மறுபடி அலசப் போட்டேன். கூடவே அவளுடைய வெள்ளைச் சட்டை ஒன்று கிடந்தது. என் சிவப்புப் புடவையோடு சேர்த்து... போடவில்லை. நினைத்தேன். நினைத்ததே இதமாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

மாடிப்படியில் செருப்புச் சத்தம். சின்னவள். கதவுக்கு வெளியிலேயே நின்றாள். நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சூடாக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை ஓட்டத் தரணும்."

"ஃபிரிட்ஜ் இப்ப யாருது?"

"உங்களுதுதான். கேக்கறேன்." கேட்பது அவளுக்கு எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும்; அவள் இடத்தில் நான் இருந்தால் நாக்கைக் கடித்துத் துப்பியிருப்பேன். "இந்த சிப் இந்த மாதிரி அமைஞ்சு நிக்கறது ஒரு தடவைதான். சூடாக்கிட்டு மறுபடி குளிர வெச்சா வேற குணத்தோட எழுந்திருக்கும். தடவியும் விழுங்கியும் ஒரே சுருதியில நிக்கறதுக்கு எத்தனை தடவை குளிர வெச்சேன்னு உங்களுக்கே தெரியும்."

தடவி என்றாள்! அப்போ பெயர் தெரிந்திருக்கிறது. லேப்பில் சுவருக்குக்கூடக் காது, எனக்கு மட்டும் வாய்.

"விதி விதிதான். கூட்டத்துல முடிவாயிடுச்சு" என்றேன்.

போகத் திரும்பினாள். பிறகு, மெதுவாக: "பயமா இருக்காக்கா?"

கதவைச் சாத்தினேன். சாத்திய கதவைப் பார்த்து எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் சொன்னேன். பயமாம். எனக்காம்! ஐம்பது வயசை எட்டிப் பிடிக்கப்போகிறவளைப் பார்த்து, நேற்று வந்தவள்.

மார்ச் 20, வெள்ளி

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "நிரூபணம் ஆகவில்லை" என்று முடித்தால் வழவழவென்று இருக்கிறது. நிரூபணம் ஆகவில்லை என்றால் நாளைக்கு ஆகலாம் என்றும் அர்த்தம் வரும். எனக்கு ஒரு பூஜ்யம் வேண்டும். "ஃபோட்டான் செத்துவிட்டது, தடவிதான் கொன்றது" என்று நறுக்கென்று எழுத வேண்டும். அப்போது தெரியும் யாருக்குப் பயம் என்று.

வழியும் தெரியும். கேள்வி கேட்கும் வரிசையை மாற்றினால் போதும். தம்பியைக் கேட்பதற்கு முன்னால் அண்ணனைக் கேட்டுவிட வேண்டும். காவல்காரன் திரும்பினானா இல்லையா என்பதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். முதலில் விழுங்கி பதில் சொல்லட்டும். சத்தமே எழாதபோது எதைக் கேட்டு "ஆமாம்" சொல்லும்? காத்திருக்கும் நேரத்தில் காவல்காரனுக்கு ஞாபகம் கொஞ்சம் மங்கும். மங்கட்டும். எனக்கென்ன நஷ்டம்?

மார்ச் 21, சனி

மத்தியானம் லேப்பில் ஈ காக்கை இல்லை. பம்ப் சத்தம் மட்டும். வரிசையை மாற்றி எழுதி ஓடவிட்டேன். பூஜ்யம் வரும்போது தின்ன பிஸ்கட் பொட்டலம்கூடப் பிரித்து வைத்திருந்தேன்.

வரவில்லை.

பூஜ்யம் வரலை. தடவி அப்புறமா "ஆமாம்"னு சொன்ன இடத்துல எல்லாம் பாத்தா, விழுங்கி முன்னாடியே "ஆமாம்"னு சொல்லி வெச்சிருக்கு. எல்லா இடத்துலயும் இல்ல. நூத்துக்கு நாப்பதுக்கு மேல. தடவி "இல்ல"ங்கற இடத்துல விழுங்கியும் அனேகமா சும்மா இருக்கு. ஃபோட்டானை நிறுத்தினா ரெண்டும் கப்சிப்.

சத்தமே போடாத தம்பி. அண்ணன் தன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான்.

என்னடா இது? யாரு பெத்த பிள்ளை நீ?

பிஸ்கட்டை எல்லாம் தின்றுவிட்டேன். ருசி தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மறுபடி போனேன். உடைக்கத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை.

சத்தம் எதிர்த்திசையில், விழுங்கியிலிருந்து தடவிக்குப் போகுமோ? நடுவில் ஒருவழிக் கதவு இருக்கிறது. இருந்தாலும் விழுங்கியைப் பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். தடவி அசையவில்லை. காத்திருக்கும் நேரத்தை நீட்டினேன். தடவியின் ஞாபகம் மங்கியது, எண்ணிக்கை இறங்கியது, எப்படி இறங்க வேண்டுமோ அப்படியே. குறைத்தேன், ஏறியது. பொய்க்கு இவ்வளவு ஒழுக்கம் இருக்காது. நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

என்னிடம் ஒரே ஒரு வழிதான் பாக்கி. விழுங்கியே நம்பத் தகுந்தது இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, அதே விழுங்கிக்காக இரண்டு வருஷம் ஃபிரிட்ஜை எந்த வாயால் கேட்பது?

இது எனக்கு மட்டும்தான் தெரியும். நாளைக் காலை சூடாக்கிவிட்டால் அந்த சிப் செத்த மாதிரிதான். என் அறிக்கையில் இதைச் செய்து பார்த்ததாக ஒரு வரி இல்லாவிட்டால் கேட்க நாதி இல்லை. நான் எதையும் திருடவில்லை, மாற்றவில்லை. கூட்டம் கொடுத்ததை எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதானே? விதி விதிதானே?

சாப்பிடும்போது அவர் கேட்டார். "ஞாயித்துக்கிழமையும் அங்க என்ன? ஜெயிச்சாச்சு இல்ல?"

"ஜெயிச்சாச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி தோத்தவ மாதிரி இருக்கு?"

கண்ணாடிக் கடைக்காரருக்கு என்றைக்கும் இல்லாத திருநாளாக இன்றைக்கா கண் தெரிய வேண்டும்?

மார்ச் 23, திங்கள்

ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொள்ளும் குளிர்காரர் காலையிலேயே தயாராக நின்றார். "சூடாக்கிடலாமா மேடம்?"

நான் மேஜைப் பக்கம் திரும்பினேன்.

"மேடம்?"

என் விழுங்கியின் புது சிப் மேஜைமேல் டப்பாவுக்குள் இருந்தது. அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது பிடிக்கும் என்று எனக்கு அடிவயிற்றில் தெரியும். இரண்டு வருஷம் கிடைத்தால் காட்டிவிடுவேன். அதற்குமேல் இந்தக் கண்ணும் கையும் எத்தனை நாள் ஓடும்?

எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் சிரிப்பு பிடிக்காது. "அக்கா" என்று கூப்பிடும்போது அதில் அவள் வைக்கும் அழுத்தம் பிடிக்காது. வந்த முதல் வருஷமே என் கேபிள் வரிசையை மாற்றி அடுக்கியது, அது முன்னைவிட ஒழுங்காக இருந்தது, அதுவும் பிடிக்காது. இதில் எதுவும் இன்றைக்கும் மாறவில்லை.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஃபோட்டான் பிழைச்சிருக்கே. நான் கண்ணால பாத்துட்டேனே.

"வேண்டாம். தொடாதீங்க" என்றேன்.

"எப்ப மேடம் சூடாக்கறது?"

"அதைச் சின்னவகிட்ட கேளுங்க." லேப்பில் அவளை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. குளிர்காரர் முழித்தார். நான் போய்க் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டேன். முடியில் போட்ட சாயம் நெற்றியில் ஒழுகியதுதான் மிச்சம்.

மார்ச் 24, செவ்வாய்

நன்றி சொல்வாள் என்று நினைத்த மடச்சி நான்தான்.

வரைபடத்தை அவள் மேஜையில் வைத்தேன். "கேக்கற வரிசையை மாத்தினேன். பிழைச்சிருக்கு. நூத்துக்கு நாப்பத்தி மூணு."

நின்றபடியே பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். காது சிவந்தது. சரி, அழப் போகிறாள், என்ன செய்வது, தோளில் தட்டவேண்டி வருமோ என்று நான் இரண்டடி பின்னால் வைத்தேன்.

"என்னைக் கேக்காம என் சிப்பைத் தொட்டீங்களா?"

"என்னது?"

"நான் கேட்டப்ப விதி விதின்னு கதவைச் சாத்தினீங்க. அப்புறம் நான் இல்லாதப்ப வந்து ஓட்டியிருக்கீங்க. அதுவும் காவல்காரனைத் திருப்பற அளவை சரி பண்ணாமலே. இங்க பாருங்க, அரை டிகிரி தப்பு. நான் ஓட்டியிருந்தா அம்பது வந்திருக்கும்."

"உன் கழுத்தைக் காப்பாத்திக் கொண்டுவந்து கையில குடுத்தா அரை டிகிரி பேசறே?"

"என் கழுத்தை வெட்டினது யாரு?"

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும். இவ்வளவு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டு, நேருக்கு நேர் போட்ட முதல் சண்டை இது. அரை டிகிரியில் ஆரம்பித்து வாஷிங் மெஷின் வழியாகக் கண்ணாடி ஜாடிவரைக்கும் போனது. ஜாடியை உடைத்தது அவள்தான், ஒத்துக்கொண்டாள். அதைப் பசை போட்டு ஒட்டவைக்கிறேன் என்று இன்னும் நாலு துண்டாக்கியது நான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் அவள் சரிசெய்து ஓட்டினாள். ஐம்பத்தொன்று. அந்த ஒன்று தேவையா?

மார்ச் 27, வெள்ளி

எதிராளியாக என் அறிக்கையைக் கூட்டத்தில் படித்தேன்: ஓட்டை இருந்தது உண்மை, அதை அடைத்தபிறகும் ஃபோட்டான் பிழைக்கிறது என்பதும் உண்மை. தலையாட்டி தலையாட்டினார். ஃபிரிட்ஜ் அவளுக்கு.

விழுங்கி அங்கேயே இருக்கும், அவளுடைய குழாயின் கடைசியில், வாலாக. நான் எதிர்க்கட்டடத்துக்கு.

மார்ச் 29, ஞாயிறு

மாமியார் மறுபடி மாடி ஏறி வந்தார். "தோத்துட்டியாமே?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார். இவர் இப்படிக் கேட்க நான் இன்னும் என்னென்ன தோற்க வேண்டுமோ.

ஏப்ரல் 9, வியாழன்

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "மேம், பார்க்கறதுனாலேயே ஒண்ணு செத்துப்போகுமா?"

"பார்க்கறவங்களைப் பொறுத்தது" என்றேன். சிரித்தார்கள். எனக்கு மேடை கிடைத்துவிட்டது. இந்த வேலைக்கு நான் லாயக்கு என்று தெரிவது அவ்வளவு சந்தோஷமான சமாச்சாரம் இல்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் சின்னவள். லேப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். கையில் வரைபடம். ஒரே ஃபோட்டானை இரண்டு தடவிகள் அடுத்தடுத்துப் பார்க்க, கடைசியில் விழுங்கி பிடிப்பதாகப் புதுத் திட்டம்.

"இதுக்கு எதிராளி வேணும். உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

"நான்தான் லேப்லயே இல்லையே. வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க. எல்லாருக்கும் என்னைக் கொஞ்சம் பிடிக்கும்." வரைபடத்தை நீட்டினாள். "உங்க அளவுக்கு என்னைப் பிடிக்காதவங்க அங்க யாரும் இல்லக்கா."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

சமையலறை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல வரைபடம். கேள்வி வரிசையை முதலிலேயே மாற்றிப் போட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. இரண்டு தடவிக்கு நடுவில் கேபிளைக் கொஞ்சம் நீளமாக விட்டிருக்கிறாள்போலத் தெரிகிறது. எங்கேயாவது ஓட்டை இருக்கும்.

இருந்தே ஆக வேண்டும். அவர் சாப்பிடக் கூப்பிடுகிறார். வரேன், இருங்க.